ஊசி போட முடியாத படிப்பு
மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி

சென்ற பொங்கலுக்கு வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, "என்னம்மா, டாக்டருக்குத்தானே படிக்கிறே?" என்று கேட்டார்.

"இல்ல பெரியம்மா, விலங்கியல். அடுத்து பயோமெடிக்கல் படிக்கலாம்னு இருக்கேன்."

"அதைப் படிச்சா ஊசி போடலாமா?"

"போட முடியாது."

"அப்புறம் எதுக்கு அது?" என்று கேட்டுவிட்டு அதிரசத்தை எடுத்துக்கொண்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதையே எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் நீட் தேர்வு எழுதியவள்தான். ஒரு முறையல்ல, இரண்டு முறை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் என் மதிப்பெண் எட்டவில்லை. என் பெஞ்சில் அமர்ந்திருக்கும் நால்வரில் மூவருக்கு இதே கதை. ஆகவே, உயிர்மருத்துவ அறிவியல் என்பது மருத்துவக் கல்லூரி வாசலில் காத்திருப்போருக்குப் போட்ட பெஞ்சு என்ற எண்ணம் பெரியம்மாவுக்கு மட்டுமன்று, நமக்கே உண்டு. அந்த எண்ணம் தவறு என்பதே என் கட்சி.

மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். அந்த நோய் எப்படி உண்டாகிறது, இரத்தத்தில் எது கூடியது, எது குறைந்தது, எந்த மருந்து எந்த நொதியைத் தடுக்கும் என்றெல்லாம் கண்டு சொல்ல இன்னொருவர் வேண்டும். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோய் எதிர்ப்பியல், மரபியல் முதலியவற்றை ஒரே குடையின் கீழ்க் கற்பிப்பது இத்துறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் பெயரில் இதற்கென்றே ஒரு முதுகலை நிறுவனம் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் இளங்கலையிலேயே ஆனர்ஸ் பட்டமாக இதனை நடத்துகிறார்கள்.

நம் செய்முறை வகுப்பில் பாஸ்பரஸ் அளக்கும் சோதனை ஒன்று உண்டு. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பெயர். சோதனைக் குழாயில் நீலம் ஏறும்; நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். பதிவேட்டில் அந்தப் பெயரை அழகாக எழுதி அடிக்கோடிட்டோமே தவிர, யார் இந்தச் சுப்பாராவ் என்று நம்மில் ஒருத்தியும் கேட்கவில்லை.

எல்லாப்பிரகத சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் தவறி, மூன்றாம் முறைதான் தேறினார். (இதைப் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லி முடியாது.) சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கையில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை அறைக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கும் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வகத்துக்குள் புகுந்தவர், 1925இல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து இந்தப் பாஸ்பரஸ் முறையை வெளியிட்டார். பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. 1947இல் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தைத் தந்தது. 1948இல் மறைந்துவிட்டார்.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருவார்களே, நினைவிருக்கிறதா? இரும்புச் சத்தோடு அதில் இருப்பது அந்த ஃபோலிக் அமிலந்தான். நான் அதை ஆசிரியை பாராத நேரத்தில் ஜன்னல் வழியே எறிந்தவள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. மாத்திரை ஏன் உள்ளே போகாமல் ஜன்னலுக்கு வெளியே போகிறது என்பதும் ஓர் ஆராய்ச்சிப் பொருள்தானே!

இனி ஆனர்ஸ் பற்றி. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நான்காண்டுத் திட்டத்தில், நான்காம் ஆண்டை முடிப்போர்க்கு ஆனர்ஸ் பட்டம் உண்டு. நமக்கோ மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. இதனால் நாம் தாழ்ந்துவிட்டோம் என்று சில தோழியர் வருந்துகிறார்கள். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் என் தந்தையார் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். இன்னும் ஓர் ஆண்டுக்குப் பேருந்துக் கட்டணமும் புத்தகமும் என்றால் என் தங்கையின் பிளஸ் டூ என்னாவது? ஆனர்ஸ் என்பதை ஆண்டுக் கணக்கில் பார்ப்பது சரியில்லை என்று நான் கருதுவதற்கு வறுமை மட்டும் காரணமன்று. காரணம் ஒரு கிணறு.

எங்கள் ஊர் குடகனாற்றுப் பக்கம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சற்றுத் தொலைவில் தோல் பதனிடும் ஆலைகள். பச்சைத் தோல் கெடாதிருக்க உப்புத் தடவித்தான் வரும். ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பெல்லாம் இறங்கிவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்புப் போவதில்லை. ஆவாரம் பட்டையால் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்ததும் எல்லாரும் அறிந்ததே.

ஆகவே, கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, வேதியியல் ஆய்வகத்தில் அனுமதி பெற்று, வெள்ளி நைட்ரேட்டால் குளோரைடு பார்த்தேன். ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீருக்கு மஞ்சள் விரைவிலேயே செங்கல் நிறமாயிற்று. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ப்யூரெட் காலியாகி, மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று. வெள்ளி நைட்ரேட்டின் விலை அறிந்த ஆய்வக உதவியாளர் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றிக் களிப்போடு எங்கள் பேராசிரியையிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆலைக்கு மேட்டுப் பக்கம் இருக்கிற கிணத்துல எடுத்தியா?" என்றார்.

"இல்லை மேடம்."

"அப்ப இந்த உப்பு ஆலையிலிருந்து வந்துச்சா, பாறையிலிருந்து வந்துச்சான்னு எப்படிச் சொல்லுவே?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த ஆலைகளில் ஒன்றில்தான் என் சித்தப்பா வேலை பார்க்கிறார். நான் அவசரப்பட்டு ஒன்றைச் சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து. சொல்லாமல் விட்டால் அவர் பிள்ளைகளும் அதே கிணற்றில்தான் இறைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நின்று, மேட்டுக் கிணறு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். குளோரைடு வேறு, குரோமியம் வேறு. குரோமியத்திலும் மூன்று இணைதிறன் கொண்டது வேறு, ஆறு இணைதிறன் கொண்ட நஞ்சு வேறு. தண்ணீரில் இருப்பதெல்லாம் உடம்பில் நோயாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதற்கு இரத்தம் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு அவர்களின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அண்டை வீட்டு அக்காதானே என்று விரலைக் குத்திவிட முடியாது. இத்தனையையும் ஒருத்திக்குப் பழக்கிவிடும் படிப்பையே நான் ஆனர்ஸ் என்று அழைப்பேன். அதற்கு நான்காண்டு தேவையென்றால் ஆகட்டும். நமக்குக் கிடைத்த மூன்றாண்டில் கடைசிப் பருவத்தையாவது இப்படிச் செலவிடலாமே! பழைய திட்டக் கட்டுரைகளைப் பெயர் மாற்றிப் படியெடுத்து பைண்டு செய்யும் கலையில் நாம் போதிய தேர்ச்சி அடைந்துவிட்டோம்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். நம் மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2022 ஜனவரி 12 அன்று திறப்பு விழாக் கண்டது. அங்கே உயிர்வேதியியல் துறையும் ஆய்வகமும் உண்டு. இங்கே வேலை கற்கத் துடிக்கும் கைகள் உண்டு. இறுதியாண்டு மாணவியர் பத்துப் பேராவது விடுமுறையில் அங்கு சென்று பார்க்க, நம் கல்லூரி ஒரு கடிதம் எழுதினால் என்ன? டாக்டராக முடியாத ஏக்கத்தோடு அல்ல, வேறொரு வேலையைக் கற்கவே நாங்கள் போவோம்.

பெரியம்மாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியையும் பாத்துச் சொல்லேன்" என்றார். வத்தலக்குண்டுத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. ஆலைக்கு மேட்டுப் பக்கக் கிணற்றுத் தண்ணீர் மட்டும், நாளும் இடமும் எழுதிய இரண்டு பாட்டில்களில் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை வெள்ளி நைட்ரேட் தருவதாக ஆய்வக உதவியாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.