ராணி மாதிரி வைத்துக்கொள்வார்களாம்!



போன ஞாயிற்றுக்கிழமை நம் உறவில் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். யார் வீடு என்று கேட்காதீர்கள். பெண் பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வேலைக்குப் போகிறாள். நகரி பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலையெல்லாம் எதுக்குங்க? ராணி மாதிரி வெச்சுக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண் சிரிக்கவில்லை. நானும் சபையில் வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

ராணிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்போமா? தஞ்சாவூர் அரண்மனைக்குச் சுற்றுலா போனோமே, திமிங்கல எலும்புக்கூட்டை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தீர்களே, அதே அரண்மனைதான். கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். விட்டுப்போன ராணிகள் பத்துக்கும் மேல். கும்பினியார் ராஜ்யத்தோடு நிற்காமல் நகை நட்டு உட்பட சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் சென்னையில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அரசு செய்த காரியத்தைக் கோர்ட் விசாரிக்க முடியாதாம்! பிறகு 1862இல் ஏதோ கருணை காட்டுவதுபோல் சொந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் ராணிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு ஹைகோர்ட் படி ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராஜா கண்ணை மூடியதும், கையில் சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்?

என் பேத்தி சீன அரண்மனை சீரியல் பார்க்கிறாள். பட்டு, கொண்டை ஊசி, பணிப்பெண்கள், கண் கூசுகிறது. உண்மையில் அந்தக் காலத்தில் அங்கே குறிப்பிட்ட குடும்பத்துப் பெண்கள் அரண்மனைத் தேர்வுக்குப் போய்வராமல் வேறு வரன் பார்க்கவே கூடாது என்று இருந்தது. கடைசிச் சக்கரவர்த்தி பூயிக்கு இளைய மனைவியாக 1922இல் வென்ஷியு என்ற சிறுமி அரண்மனைக்குள் போனாள். வயது 12. என் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை! பின்னாளில், 1931இல், அவரே வக்கீல் வைத்து விவாகரத்து வாங்கினார். அதற்குப் பிறகு என்ன ஆனார் தெரியுமா? ஆரம்பப் பள்ளி டீச்சர். நம்ம தொழில்! படித்ததும் எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வீட்டார் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் பேச உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், போன் நம்பரை எனக்கு அனுப்புங்கள். நானே பேசுகிறேன்.