கட்டை இல்லாத வண்டிக்கு எஃப்.சி. கூடாது

ஓட்டுநர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் லாரி உருண்டுபோய்க் கடைக்குள் புகுந்தது. வாசலில் நின்ற காருக்குள் விளையாடிய குழந்தை ஹேண்ட் பிரேக்கைத் தட்டிவிட, கார் தெருவில் இறங்கியது. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரோடு சரிந்து சுவரில்லாத கிணற்றில் விழுந்தது. இப்படிப்பட்ட செய்திகள் மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. போலீஸ் ஒரு வழக்குப் பதிவு செய்யும். குடும்பம் இழப்பீட்டுக்கு அலையும். அதோடு சரி. இறக்கத்தில் நிறுத்திய வண்டி உருளக்கூடும் என்பது சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்கும் தெரியும். உருளாமல் தடுக்கும் வழியும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் சாவு நடக்கிறது என்றால், ஓட்டுநரின் கவனக்குறைவோடு கணக்கை முடித்துவிட முடியாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126-வது பிரிவின்படி, பொது இடத்தில் வண்டியை நிறுத்தினால் உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு, ஓட்டுநர் இல்லாதபோது வண்டி நகர முடியாதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் இந்தப் பிரிவை மீறியதற்காக யாராவது அபராதம் கட்டியதைக் கேள்விப்பட்டிருக்கிறோமா? ஹெல்மெட் இல்லாததற்கு ரசீது கிழிக்கிறார்கள், சீட் பெல்ட்டுக்குக் கிழிக்கிறார்கள். எஞ்சின் ஓட, ஆளில்லாமல், சரிவில் நிற்கும் டேங்கர் லாரியைக் கடந்து அதே காவலர் நடந்து போகிறார். பிடித்தாலும் பொதுத் தண்டனைப் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரைதான் அபராதம்.

உருளும் லாரியின் பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து அடிக்கு ஓர் அடி இறங்கும் சாலை நம் மலைகளில் உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்களின் வாகனத்தளச் சரிவுகள் பலவும் அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகின்றன. அந்தச் சரிவில் 16 டன் எடையுள்ள லாரியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய ஒன்றரை டன். பிடி விட்டுப்போனால் முதல் இரண்டு வினாடி அது மெல்லத்தான் நகரும். பத்தாவது வினாடியில் சுமார் 45 மீட்டர் போய், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும். ஹாரன் இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை. முதுகுப்பக்கம் வருவது யாருக்கும் கேட்காது. அந்த முதல் இரண்டு வினாடி மந்தம்தான் பல ஓட்டுநர்களின் உயிரைக் குடிக்கிறது. தொத்தி ஏறிவிடலாம் என்று கூடவே ஓடுகிறார்கள். கையால் தடுக்கப் பார்க்கிறார்கள். வண்டி போனால் போகட்டும், கத்தி ஆட்களை விலக்குங்கள் என்று ஒவ்வொரு லாரி ஷெட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கென்றே ஓர் ஆள் இருந்தார். லாரி நிற்கும் முன்பே கிளீனர் கதவைத் திறந்து குதிப்பார். ஓரத்தில் கிடக்கும் கருங்கல்லைப் புரட்டிப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளி, காலால் ஓர் உதை உதைத்து இறுக்குவார். அப்புறம்தான் ஓட்டுநர் இறங்குவார். இன்று பல லாரிகளில் கிளீனர் கிடையாது. சம்பளம் மிச்சம் என்று உரிமையாளர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். ஒற்றை ஆளாக விடிய விடிய ஓட்டி வருகிறவர், கல் தேடி இருட்டில் குனிய வேண்டியிருக்கிறது. கல் வைத்தாலும் கிளம்பும்போது எடுக்க ஆளில்லை. வண்டி முன்னேறிப் போய்விடும், கல் தார்ச்சாலை நடுவில் கிடக்கும். இரவில் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவார். ஓர் ஆபத்தைத் தடுக்கப் போய் இன்னோர் ஆபத்தைச் சாலையில் விட்டுவிட்டுப் போகும் இந்த நிலைக்கு, வண்டியிலேயே இருக்க வேண்டிய ஒரு ஜோடி ரப்பர் கட்டை இல்லாததுதான் காரணம். அதன் விலை சில நூறு ரூபாய். ஒரு டயரின் விலையில் பத்தில் ஒரு பங்கு வராது.

ஹேண்ட் பிரேக் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது. கார்களில் அது பெரும்பாலும் ஒரு கேபிள். நாள்பட அது நீளும், பிடி தளரும். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள சில வண்டிகளில், மலை இறங்கிச் சூடேறிய தகடு ஆறும்போது சுருங்கிப் பிடி குறையும். நிறுத்தியபோது அசையாமல் நின்ற வண்டி கொஞ்ச நேரம் கழித்து நகர்வதில் மாயம் எதுவும் இல்லை. புதிய லாரிகளில் ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானே இறுக்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் வழியில் காற்றுக் கசிந்து நின்றுபோன லாரியை இழுத்துப் போவதற்காக மெக்கானிக் போல்ட்டைத் திருகி அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைப்பார். திரும்ப விடுவிக்க மறந்தால், அந்தச் சக்கரத்தில் நிறுத்தும் பிரேக்கே கிடையாது என்று அர்த்தம். ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. சரிவில் நிறுத்தும்போதுதான் தெரியவரும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக்-மெகாண்டிக் ஊர் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2013 ஜூலை 5 இரவு, 72 டேங்கர் பெட்டிகளில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயிலை ஓட்டுநர் பக்கத்து ஊரான நாந்தில், சரிவான பாதையில் நிறுத்தினார். ஏழு ஹேண்ட் பிரேக்குகளைச் சுற்றிவிட்டு, இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஆனால் அந்தச் சோதனையின்போது எஞ்சினின் காற்று பிரேக்கும் போட்டபடியே இருந்தது. பிறகு எஞ்சினில் தீப்பிடிக்க, தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்து, எஞ்சினையும் நிறுத்தினார்கள். காற்று மெல்லக் கசிந்தது. நள்ளிரவு தாண்டி ரயில் உருளத் தொடங்கி, சுமார் 11 கிலோமீட்டர் இறங்கி ஊருக்குள் கவிழ்ந்து வெடித்தது. 47 பேர் மடிந்தார்கள். ஹேண்ட் பிரேக் தனியாகத் தாங்குமா என்று யாரும் பார்க்கவே இல்லை. காலால் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை உருவிக்கொண்டு இறங்கும் ஒவ்வொருவரும் அதே சோதனையைத்தான் செய்கிறார்கள். காலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் எச்சரிக்கை வந்தது. 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்மு-காஷ்மீரின் கதுவா நிலையத்தில் நின்ற சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமல் உருண்டு 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, பஞ்சாபின் ஊஞ்சி பஸ்ஸி அருகே போய்த்தான் நின்றது. அன்று உயிர்ச்சேதம் இல்லை. ரயில்வே விசாரித்தது, நடவடிக்கை எடுத்தது. சாலையில் உருளும் லாரிக்கு அப்படி ஒரு விசாரணை நடப்பதில்லை. எந்த கியரில் இருந்தது, கட்டை இருந்ததா, கடைசியாக ஹேண்ட் பிரேக்கை எப்போது சரிபார்த்தார்கள் என்ற கேள்விகளை யாரும் அக்கறையோடு கேட்டுப் பதிவு செய்வதாகத் தெரியவில்லை.

உரிமையாளர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பேட்டரி வீக், செல்ஃப் எடுக்காது. ஆகவே இறக்கம் பார்த்து நிறுத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று எத்தனை பழைய வேன்களின் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படுகிறது! உருள வேண்டும் என்றே நிறுத்திய வண்டி அது. அதில் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். பேட்டரி வாங்கித் தராத முதலாளி வழக்கில் வருவதில்லை. மாதச் சம்பளக்காரர் கைதாகிறார். இதேபோல் கோயில் வாசலிலும் மருத்துவமனையிலும் கல்யாண மண்டபத்திலும், 'நியூட்ரலில் விட்டுட்டு, ஹேண்ட் பிரேக் போடாமப் போங்க சார், நாங்க தள்ளிக்கிறோம்' என்கிறார் வண்டி நிறுத்தும் இடத்து ஊழியர். இடம் போதாமைக்கு அவர் கண்ட வழி அது. ஆனால் 126-வது பிரிவு எதைக் கூடாது என்கிறதோ, அதையே காசு வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு அனுமதி தரும் ஒப்பந்ததாரரின் உரிமத்தை உள்ளாட்சி அமைப்புகள் ரத்து செய்ய வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மேல்நோக்கி நிறுத்தினால் முதல் கியர், கீழ்நோக்கி நிறுத்தினால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் 'பி'. வண்டியின் முழு எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகப் பல்லில் தொங்கக் கூடாது. மலைச்சாலையில் ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்து வையுங்கள். உருண்டாலும் மலையில் முட்டி நிற்கும். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள தெருவில் சக்கரத்தை நடைபாதை விளிம்பில் முட்டும்படி திருப்பாமல் நிறுத்தினாலே அபராதம். குழந்தையை வண்டிக்குள் தனியே விட்டு ஒரு நிமிடம்கூட இறங்காதீர்கள்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் அதிகம். ஜெர்மனியில் 4 டன்னுக்கு மேற்பட்ட வண்டி சக்கரக் கட்டை ஒன்றையும், மூன்று அச்சோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கும் சரக்கு வண்டி, பேருந்து அனைத்துக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதைச் சேர்க்க வேண்டும். எட்டு ஆண்டு கடந்த வணிக வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு வருகிறது. கட்டை இல்லாமலோ, சரிவில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு நிற்க முடியாமலோ வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்பிக் காட்ட வேண்டும் என்று ஓட்டுநர் தேர்வு விதியிலேயே இருக்கிறது. நம் தேர்வுத் திடல்கள் பலவும் சமதரை. 'எச்' போட்டுக் காட்டியவர், ஒரு சரிவையும் பார்க்காமல் உரிமத்தோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் போய்விடுகிறார். ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத் திடலிலும் ஒரு கான்கிரீட் சரிவு கட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு சாலை வரவேற்பு வளைவுக்கு ஆவதைவிடக் குறைவு.

டெல்லியின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் மாநில அரசே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் 2012 முதல் தனி விதிகள் இருக்கின்றன. பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் அவை வந்தன. அந்த விதிகளில் இரண்டு கட்டைகளைச் சேர்க்கட்டும்; பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று எழுதட்டும்; செல்ஃப் எடுக்காத வேனுக்கு அனுமதி இல்லை என்று சொல்லட்டும். கோடை விடுமுறையில் போக்குவரத்துத் துறை எல்லாப் பள்ளி வாகனங்களையும் வரவழைத்து ஆய்வு செய்கிறது. அவசர வழிக் கதவையும் தீயணைப்பானையும் முதலுதவிப் பெட்டியையும் பார்க்கும் அதே நாளில், ஒவ்வொரு வண்டியையும் ஒரு சரிவில் நிறுத்தி, ஓட்டுநரைக் காலை எடுக்கச் சொல்லி ஐந்து நிமிடம் பார்க்கட்டும். வரும் மே மாத ஆய்விலேயே இதைத் தொடங்கப் போக்குவரத்து ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.