பெட்டிக்குள் உறங்கலாமா ரயில்?

மாதிரி ரயில்களைச் சேகரிப்போர் சிலர், உடைந்துவிடும் என்று அஞ்சி அவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கின்றனர். 1:87 அளவில் செய்யப்பட்ட இன்ஜினின் நுண்ணிய பாகங்கள் எளிதில் முறியும் என்பது உண்மைதான். எனினும், இப்பொழுதுபோக்கு பகிர்வதால்தான் வளரும் என்பது என் கருத்து. ஒரே அளவுமுறையில் ஆளுக்கொரு காட்சித் துண்டு செய்து இணைத்தால், வீட்டு மேசையில் வட்டமடித்த ரயில் நெடும்பாதையில் ஓடும்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30ஆம் நாள் கடைசி ரயில் புறப்பட்டது. அந்நிலையத்தின் மாதிரியை, அங்கு ரயில் ஏறிய முதியவர்களுக்குக் காட்டினால், "நடைமேடை இன்னும் நீளம், தம்பி" என்று திருத்துவார்கள். பூட்டிய பெட்டிக்கு அந்தத் திருத்தம் கிடைக்காது. அவர்களின் நினைவு மங்குமுன் நம் மாதிரிகளை வெளியே எடுத்து வைப்போம்.