மார்ஃபின் கடைசி மருந்து அல்ல

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்திலும் சரி, பாலத்தைச் சுற்றி முளைத்திருக்கும் அடுக்ககங்களிலும் சரி, புற்றுநோய் வந்த வீட்டில் டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்துவிட்டால் எழும் பேச்சு ஒரே மாதிரிதான். "அது போதை மருந்தாச்சே, பழகிட்டா விடவே முடியாதாமே" என்பார் மாமி. "அதெல்லாம் கடைசி நேரத்துல குடுக்கறது ஓய், இப்பவே எதுக்கு?" என்பார் விசாரிக்க வந்தவர். நியூஜெர்சியிலிருந்து பிள்ளை போனில் தீர்ப்புச் சொல்வான்: "இங்கே அந்த மாதிரி மாத்திரையாலதான் அத்தனை பேர் செத்துப்போறா. அப்பாவுக்கு வேண்டாம்மா." மாத்திரை அட்டை அலமாரிக்குள் போகும். அப்பா இரவு முழுக்க முனகிக்கொண்டு கிடப்பார்.

வேறு ஊரில் இப்படிப் பேசினால் விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று விட்டுவிடலாம். திருவனந்தபுரத்தில் பேசுவதுதான் வேடிக்கை. இந்தியாவில் வலி நிவாரணத்துக்காக நடந்த போராட்டத்தின் தலைமையகமே இங்கேதான் இருக்கிறது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய 'பாலியம் இந்தியா'வின் மருத்துவ நிலையம் மணக்காட்டுப் பக்கம். கரமனையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அவர் மயக்க மருந்து நிபுணர். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அவரோடு சேர்ந்து வலி நிவாரண கிளினிக்கைத் தொடங்கிய டாக்டர் சுரேஷ்குமாரும் அதே துறைக்காரர்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அபின் வகை மருந்துகளைத் தினமும் கையில் எடுப்பவர்கள் மயக்க மருந்து டாக்டர்கள். அப்பென்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் படுக்கும் நமக்கு மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனிலை நரம்பில் ஏற்றுகிறார்கள். "ஐயோ, அடிமையாகிவிடுவேனே" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு மாத்திரையாக வரும்போது மட்டும் அது போதைப்பொருளாகிவிடுகிறது.

முதல் குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம்: அடிமையாகிவிடுவார். கோழிக்கோடு கிளினிக்கில் இரண்டு ஆண்டுகளில் 1,723 பேருக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகவோ வெளியில் கைமாற்றியதாகவோ ஒரு நிகழ்வுகூடத் தென்படவில்லை என்று 2001-இல் 'லான்செட்' இதழில் ராஜகோபாலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். நம் ஊர் நோயாளிகள், நம் ஊர் வீடுகள். இதைவிட நெருக்கமான சாட்சி வேறென்ன வேண்டும்?

பல வாரம் சாப்பிட்டபின் திடீரென நிறுத்தினால் வியர்க்கும், நடுங்கும், வயிற்றுப்போக்கு வரும். உண்மைதான். உடல் மருந்துக்குப் பழகியதன் விளைவு அது. படிப்படியாகக் குறைத்தால் வராது. ஸ்டீராய்டையும் அப்படித்தான் குறைக்கிறோம், அதனால் ஆஸ்துமாக்காரரை யாரும் போதையடிமை என்பதில்லை. மருந்துக்காகப் பொய் சொல்வது, திருடுவது, குடும்பத்தை மறப்பது ஆகியவைதான் அடிமைத்தனம். சரியாக மார்ஃபின் எடுத்துக்கொள்பவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அட்டையில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதி மருந்து டப்பாவோடு வைத்திருப்பார்கள். மருந்தின் வேலை நான்கு மணி நேரந்தான் என்பதால் வலி திரும்புமுன் அடுத்த மாத்திரை. இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு, நடுராத்திரியில் எழுப்பாமலிருக்க. தூங்கி எழுந்தவர் காபி கேட்கிறார், பேப்பர் படிக்கிறார். போதைக்காரர் செய்கிற காரியமா இது?

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? மருத்துவத்திலிருந்து வரவில்லை, சட்டத்திலிருந்து வந்தது என்பது என் கட்சி. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனுக்காகப் போட்ட வலையில் ஆஸ்பத்திரி மாட்டிக்கொண்டது. மருந்தை வாங்க ஒரு லைசென்ஸ், வைத்திருக்க ஒன்று, கொண்டுபோக ஒன்று. கடைசி லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் முதலாவது காலாவதியாகிவிடும். சின்ன எழுத்துப் பிழைக்குக்கூடச் சிறைத் தண்டனை. 1997-க்குள் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து 18 கிலோவுக்கு வந்தது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்கிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. விளைந்தது வெளிநாட்டு நோயாளிக்குப் போனது. மார்ஃபின் மாத்திரையைக் கண்ணாலேயே பார்க்காமல் ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்தார்கள். பார்க்காத மருந்தின்மேல் அவர்களுக்கிருந்த பயம்தான் மாமிக்கும் வந்து சேர்ந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது; மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு ஒரே அனுமதி போதும் என்றானது. சட்டம் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

"கடைசி நேர மருந்து" என்பது அடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு வகுத்த படிமுறையில் கேள்வி ஒன்றுதான்: வலி எவ்வளவு? இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்ற கேள்வியே அதில் கிடையாது. கதிர்வீச்சில் கட்டி சுருங்கி வலி குறைந்தால் மார்ஃபினைக் குறைத்து நிறுத்தியவர்களும் உண்டு. சாகப்போகிறவருக்கு மட்டுமே கொடுத்து வந்ததால், கொடுத்ததால் செத்தார் என்று ஆகிவிட்டது. கொன்றது நோய், பழி மாத்திரைக்கு. ஆரம்பத்தில் இரண்டு நாள் அசந்து தூங்குவதைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். வாரக்கணக்கில் தூங்காதவர் வேறென்ன செய்வார்? "இப்பவே குடுத்தா அப்புறம் கேக்காது" என்பதும் சரியில்லை. மார்ஃபினுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இல்லை. வலி கூடினால் அளவைக் கூட்டலாம்.

மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. அளவு தப்பினால், சிறுநீரகம் பழுதாகியிருந்தால், மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் ஆபத்து. அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். பூட்டி வைக்க வேண்டும், பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குக் கடன் கொடுக்கக் கூடாது, மிஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும். இவை கவனத்துக்கான காரணங்கள், மறுப்பதற்கானவை அல்ல.

நியூஜெர்சிப் பிள்ளைக்கும் பாதி நியாயம் கொடுக்கிறேன். பர்டியூ கம்பெனி 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை மாத்திரையைக் கொண்டுவந்து, அடிமையாகும் அபாயம் குறைவு என்று சொல்லி முதுகுவலிக்காரனுக்கெல்லாம் விற்றது. பின்னாளில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. திடீர் முதுகுவலிக்கு இந்த வகை மருந்து, வெறும் சர்க்கரை மாத்திரையைவிட மேலில்லை என்று 2023-இல் ஆஸ்திரேலிய ஆய்வும் சொல்லிவிட்டது. சாதாரண முதுகுவலிக்கு மார்ஃபின் எழுதினால் நானும் எதிர்ப்பேன். ஆனால் எலும்பில் பரவிய புற்றுநோய் வேறு சங்கதி. உலகில் மருத்துவத்துக்கு விநியோகமான 298.5 டன் அபின் வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன் என்றது 2017 லான்செட் ஆணையம். இந்தியாவில் தேவையில் நிறைவேறியது 4 சதவீதம் என்றும் சொன்னது. அமெரிக்காக்காரர்கள் அளவுக்கு மிஞ்சித் தின்றார்கள் என்பதற்காக நாம் பட்டினி கிடப்பதா?

இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்குக் குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை வழியாக பஸ்ஸில் வருகிறவர்கள் கரமனையைக் கடந்துதான் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வீட்டில் ஒருவர் வலியால் தூங்காமலிருந்தால் மார்ஃபின் ஏன் கொடுக்கவில்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்திருந்தால் மணி தவறாமல் கொடுங்கள். மார்ஃபின் தவறாமல் மலச்சிக்கல் உண்டாக்கும். சீட்டில் கூடவே மலமிளக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.