வீட்டுத் தோட்டம்: பூவுண்டு, காயில்லை!

கப்பல் தாமதித்தால் அபர்தீன் கடைத்தெருவில் காய் விலை ஏறிவிடுகிறது. கொல்லையிலோ பரங்கிப் பிஞ்சுகள் வெம்பி விழுகின்றன என அன்பர் பலர் நம்மிடம் குறைப்படுகின்றனர். கண்ணேறென்று திருஷ்டிப் பொம்மை கட்டினோரும் உளர். பொம்மையோடு நமக்குப் பகையில்லை; குறை வேறிடத்தில் உள்ளது.

முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். மகரந்தம் சேராவிடில் அது மஞ்சளித்து உதிரும். மே முதல் டிசம்பர் வரை மழை மிகுந்த இந்த அந்தமானில், அடைமழை நாளில் தேனீ வெளிவருவதில்லை. நனைந்த மகரந்தமும் கெடுகிறது. ஆகவே நாமே தேனீயாக வேண்டும்!

அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுக. பரங்கிக்கும் பாகலுக்கும் விடியற்காலையே ஏற்றது. வெயில் ஏறியபின் பயனில்லை. சுரை, பீர்க்கு, புடல் ஆகியவற்றுக்கு விளக்கேற்றும் வேளை. மழை வருமெனத் தோன்றினால், தடவிய பூவை இலையால் மூடிக் கட்டுக. தக்காளிக்கு இத்தொல்லையில்லை, பூங்கொத்தைச் சற்று அசைத்தாற் போதும்.

மிஞ்சிய பரங்கிப் பூக்களை எறிந்துவிடாதீர். அண்டை வங்காளி வீடுகளில் அவற்றை மாவில் தோய்த்துப் பொரிக்கின்றனர். நாமும் உண்டு பார்த்தோம், மிக நன்று.