யாருக்காக நேர்மையாக ஆடுவது?

தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் சட்டப் புத்தகம் கிடையாது. யாராவது ஏமாற்றினால் "அழுகுணி ஆட்டம்" என்று ஒரு குரல் எழும். அதோடு வழக்கு முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இதையே "அளாப்பு" என்பார்கள். எந்த விதி மீறப்பட்டது என்று அவர்களால் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் ஆட்டம் கெட்டுவிட்டது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

கணினியிலும் கைபேசியிலும் நடக்கும் போட்டி ஆட்டங்களில், அதாவது இ-ஸ்போர்ட்ஸில், இந்தத் தெளிவு எளிதில் வருவதில்லை. 2022 டிசம்பரில் இந்திய அரசு இதைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக ஏற்று விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் இதற்குப் பதக்கமும் வழங்கப்பட்டது. பதக்கம் வந்த பிறகு, விளையாட்டு மனப்பான்மை, தொழில் ஒழுக்கம் என்ற சொற்களும் கூடவே வந்தன. இரண்டும் ஒன்றுபோலப் பேசப்படுகின்றன. எதிராளியைத் திட்டாமல் ஆடினால் போதும் என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். மென்பொருள் அனுமதிப்பதையெல்லாம் செய்யலாம் என்று இன்னொரு சாரார் நினைக்கிறார்கள். இரண்டு எண்ணமும் ஏன் போதாது என்பதை நடந்த சில சம்பவங்களை வைத்தே பார்க்கலாம்.

2014 நவம்பரில் சுவீடனின் யான்ஷாப்பிங் நகரில் ட்ரீம்ஹேக் போட்டி நடந்தது. கவுண்டர்-ஸ்டிரைக் ஆட்டத்தின் காலிறுதியில் சுவீடனின் ஃபனாட்டிக் அணியும் பிரான்சின் எல்டிஎல்சி அணியும் மோதின. முடிவைத் தீர்மானிக்கும் மூன்றாவது களத்தில் ஃபனாட்டிக் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. அப்போது அந்த அணியினர் ஒருவர் தோளில் ஒருவராக ஏறி, களத்தின் ஒரு மூலையில் யாரும் எதிர்பாராத உயரத்துக்குத் தங்கள் ஆளை ஏற்றினார்கள். அங்கிருந்து அவருக்குக் களத்தின் பெரும்பகுதி தெரிந்தது. கீழே இருந்தவர்கள் எங்கிருந்து குண்டு வருகிறது என்றே புரியாமல் விழுந்தார்கள். ஃபனாட்டிக் 16-13 என்று வென்றது.

எல்டிஎல்சி முறையிட்டது. அந்த இடம் களத்தை வடிவமைத்தவர்களின் கவனக்குறைவால் உருவான ஓட்டை, அதைப் பயன்படுத்துவது ஆட்டமாகாது என்றது. ஃபனாட்டிக்கோ எதிரணியும் இதுபோன்ற இடம் ஒன்றைப் பயன்படுத்தியதாகப் பதில் முறையீடு செய்தது. கடைசியில் அந்தக் களத்தை முதலிலிருந்து ஆடும்படி நடுவர்கள் சொன்னார்கள். ஃபனாட்டிக் மறுஆட்டத்துக்கு வராமல் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. எல்டிஎல்சி கோப்பையை வென்றது. ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரிக்கெட் மைதானத்தில் புல் எங்கே முளைக்க வேண்டும் என்று யாரும் நிரல் எழுதுவதில்லை. இந்த ஆட்டங்களிலோ தரை, சுவர், ஈர்ப்பு விசை எல்லாமே ஒரு நிறுவனம் எழுதியவை. எழுதியவர் சறுக்கினால் இயற்கையே சறுக்கிய மாதிரி. ஆகவே "ஆட்டம் என்னை விட்டது, நான் செய்தேன்" என்ற வாதம் இங்கே மற்ற விளையாட்டுகளைவிட வலுவாகத் தோன்றும். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு சுவரின் நோக்கம் மறைப்பது என்று ஆடும் பத்துப் பேருக்கும் தெரியும். அந்தப் பொதுப் புரிதல்தான் போட்டி. அதற்குள் எவ்வளவு தந்திரம் வேண்டுமானாலும் செய்யலாம். அதையே பொத்தலாக்கினால் எதிராளி வேறொரு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார்.

மறைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை சீட்டாட்டத்தின் உறவினர்கள். எதிராளி எங்கே இருக்கிறார், என்ன திட்டமிடுகிறார் என்பது தெரியாது. சிறு அறிகுறிகளிலிருந்து ஊகிக்க வேண்டும். அந்த ஊகம்தான் திறமை. எதிராளியின் கைச்சீட்டைப் பார்த்துவிட்டால் பிறகு விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியின் காலிறுதியில் நடந்தது இதுதான். அசுபு ஃப்ராஸ்ட் என்ற கொரிய அணியின் வீரர் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்வையாளர்களுக்கான பெரிய திரையைப் பார்த்தார். அதில் எதிரணியின் இருப்பிடமும் தெரியும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தலைத்திருப்பலுக்கு அணி கட்டிய அபராதம் 30,000 டாலர். வீரர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் திரையை வைத்தது அமைப்பாளர்களின் பிழை. என்றாலும் பார்த்தது வீரரின் செயல். ஒருவரின் பிழை இன்னொருவரின் செயலை நியாயமாக்கிவிடாது.

இதுவரை சொன்னதெல்லாம் எதிராளிக்குச் செய்யும் கேடு. எதிராளிக்கு எந்தக் கேடும் இல்லாத குற்றம் உண்டா? விளையாட்டு மனப்பான்மை, தொழில் ஒழுக்கம் என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது.

அதே 2012-ல், ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் ராலே நகரில் எம்எல்ஜி அமைப்பு நடத்திய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம். கர்ஸ், டிக்னிடாஸ் என்ற இரண்டு அணிகளும் பரிசுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக முன்பே பேசி வைத்துவிட்டன. பிறகு முதல் ஆட்டத்தை, எல்லோரும் கிடைத்த கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரே பாதையில் முட்டிக்கொள்ளும் கேளிக்கை ஆட்டமாக ஆடின. அவர்களுக்குள் பகையில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எதிராளியோடு இணக்கம் என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் அமைப்பாளர்கள் இரண்டு அணிகளையும் தகுதிநீக்கம் செய்தார்கள். ராலேயில் முதலிடமும் இரண்டாமிடமும் யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்த முடிவு சரியானது. எதிராளிக்குக் கடன்பட்டிருப்பது விளையாட்டு மனப்பான்மை. எதிரே இல்லாதவர்களுக்கும் கடன்பட்டிருப்பது தொழில் ஒழுக்கம்: கண் விழித்துப் பார்க்கும் ரசிகருக்கு, அரையிறுதியில் தோற்று வெளியேறிய அணிக்கு, மேடை போட்டவருக்கு, சம்பளம் தரும் அணிக்கு. முதலாவது மட்டும் இருந்தால் ராலே நடக்கும். இரண்டாவது மட்டும் இருந்தால் நேரம் தவறாமல் வந்து, விளம்பரச் சட்டை அணிந்து, பேட்டியில் இனிமையாகப் பேசிவிட்டு, சுவரில் ஓட்டை தேடுபவர் உருவாவார்.

பணம் சேரும்போது இந்தக் கடன்கள் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன. தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்துக்குத் தனித் தொலைக்காட்சிகளே இருந்த காலம். 2010-ல் சட்டவிரோதப் பந்தயத் தரகர்களோடு சேர்ந்து வேண்டுமென்றே தோற்றதற்காக, பெரும் புகழ்பெற்ற மா ஜே-யூன் உட்படப் பலர் வாழ்நாள் தடைக்கு ஆளானார்கள். பாடம் நிலைக்கவில்லை. லீ சுங்-ஹ்யுன் 2014-ல், 17 வயதில், ஸ்டார்கிராஃப்ட் 2 உலகச் சாம்பியன். அடுத்த ஆண்டே இரண்டு ஆட்டங்களில் தோற்க 7 கோடி வான் வாங்கினார். நீதிமன்றம் அவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அதே அளவு அபராதமும் விதித்தது. அவருக்கும் வாழ்நாள் தடை.

அந்த வயதை நினைத்தால் மனம் கனக்கிறது. பள்ளி முடிக்கும் வயதில் உலகப் பட்டம், ஒப்பந்தம், தரகர். விரல்களின் வேகம் மங்குமுன் சில ஆண்டுகளில் சம்பாதித்தாக வேண்டும் என்ற அச்சம் வேறு. நம் ஊரிலும் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்ற கைபேசி ஆட்டங்களை ஆடும் பிள்ளைகள் பலர் பதின்பருவத்தினர். அவர்களிடம் தொழில் ஒழுக்கம் கேட்கும் பெரியவர்கள், எழுத்தில் ஒப்பந்தமும் மாதம் தவறாத சம்பளமும் படிப்புக்கு நேரமும் தருவதைத் தங்கள் கடனாக முதலில் எண்ண வேண்டும். ஒழுக்கத்தைக் கேட்கும் உரிமை அதற்குப் பிறகுதான் வரும்.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டார்கிராஃப்டில் தோற்பவர் "ஜிஜி" என்று தட்டச்சு செய்துவிட்டு வெளியேறுவது வழக்கம்: நல்ல ஆட்டம், நான் ஒப்புக்கொள்கிறேன் என்று பொருள். இப்போது வென்றவரே அதைத் தட்டி, பின்னால் "ஈசி" என்று சேர்ப்பதைப் பார்க்கிறோம். தோல்வியை ஏற்கும் சொல் இப்படிக் குத்திக்காட்டும் சொல்லானது எனக்கு வருத்தம். அதே நேரம், உணர்ச்சியே கூடாது என்பதும் தவறு. 2017-ல் பெய்ஜிங்கின் பறவைக்கூடு மைதானத்தில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் 3-0 என்று தோற்றபோது கொரிய வீரர் ஃபேக்கர் இருக்கையிலேயே குலுங்கி அழுதார். அதை ஒழுக்கக்குறைவு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிறகு 2023, 2024, 2025 என்று மூன்று முறை மீண்டும் உலகப் பட்டம் வென்றார்.

பேச்சைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மௌனம். 2020-ல் கவுண்டர்-ஸ்டிரைக் பயிற்சியாளர்கள் சிலர், மென்பொருள் பிழை ஒன்றால் களத்தின் ஏதோ ஒரு மூலையில் தங்கள் பார்வை நிலைத்து நின்று எதிரணியின் நடமாட்டம் தெரிவதை அறிந்தும் வெளியே சொல்லாமல் இருந்தது அம்பலமானது. இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் பழைய பதிவுகளைத் தோண்டி 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது. பிழை தெரிந்தால் உடனே கையை உயர்த்தி நடுவரை அழைப்பது என்ற எளிய பழக்கத்தைப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளிலேயே தொடங்கிவிடலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஒருவர் ஒழுக்கம் தவறினால் கேடு அவரோடு நிற்பதில்லை. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசிய அளவிலான கவுண்டர்-ஸ்டிரைக் போட்டிக்கு ஆப்டிக் இந்தியா என்ற அணி போனது. ஆட்டத்தின் நடுவே நடுவர் வந்து ஒரு வீரரின் கணினியைச் சோதித்தார். குறியைத் தானாகத் திருத்தித்தரும் நிரல் ஒன்று, வேர்ட் கோப்பு போலப் பெயர் மாற்றப்பட்டு, அதில் ஓடிக்கொண்டிருந்தது. அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது. கொஞ்ச நாளில் நிறுவனம் அந்த அணியையே கலைத்துவிட்டது. மற்ற நான்கு பேரின் கணினியில் எதுவும் இல்லை. அவர்களும் வேலையில்லாமல் ஊர் திரும்பினார்கள்.