மூட்டையும் சில்லறையும் ஒரே கணக்கில் இருக்கட்டும்

வணிகப் பெருமக்களிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறோம். கடையில் பிரிக்காத துவரம்பருப்பு மூட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை முழுதாகத் தருவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்து, முன்பணமும் வாங்கிவிட்டீர்கள். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் கடைப்பையன் அதே மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டான். மூட்டைக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பருப்பு என்றால் பக்கத்துக் கடையில் வாங்கியாவது சமாளிக்கலாம். கல்யாண மண்டபம் என்றால் எங்கே போய் வாங்குவது?

நம் ஊர்களில் வணிகர் சங்கங்கள் சில சொந்தமாக மண்டபம் வைத்திருக்கின்றன. உறுப்பினர்களிலும் கடைக்கு மேல் ஹாலும் தங்கும் அறைகளும் கட்டி வாடகைக்கு விடுவோர் உண்டு. முன்பெல்லாம் ஒரு தடித்த நோட்டும் ஒரு கணக்குப்பிள்ளையும் போதும். இப்போது முன்பதிவைக் கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் ஏற்றுகிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நோட்டில் எழுதியவரின் தலையில் இருந்த ஒரு விஷயம் மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு மண்டபத்தில் நாம் நேரில் கண்டது இது. வைகாசி முகூர்த்தம். மண்டபம் முழுவதையும் ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்திருந்தார்கள். முதல் நாள் மாலை பெண் வீட்டார் வந்து இறங்கினால், மாடியில் எட்டு அறைகளில் மூன்றில் வெளியூர்ப் பயணிகள் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் கையிலும் ரசீது இருக்கிறது. இரண்டு தரப்பும் பணம் கட்டியவர்கள். இரண்டு தரப்பிலும் நியாயம். மணப்பெண்ணின் பாட்டி மாடிப்படிக்குக் கீழே பெட்டியோடு உட்கார்ந்திருந்தது இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. மேலாளர் கம்ப்யூட்டரைக் குறை சொன்னார். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? மண்டபத்தை ஒரு சரக்காகவும், எட்டு அறைகளை எட்டுத் தனிச் சரக்குகளாகவும் ஏற்றியிருந்தார்கள். அறைகள் மண்டபத்துக்குள்ளேதான் இருக்கின்றன என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்கு வழி இருக்கிறது. வாடகை இடங்களை நிர்வகிக்கும் மென்பொருள்கள் பலவற்றில் ‘இணைப்பு’ வசதி உண்டு. முழுக் கட்டிடத்தைத் தாயாகவும், ஹால், சாப்பாட்டுக் கூடம், அறைகள் ஆகியவற்றைப் பிள்ளைகளாகவும் குறிக்க வேண்டும். விதிகள் மூன்றுதான். தாயை விட்டால் பிள்ளைகள் அனைத்தும் அந்த நாளுக்கு மூடப்பட வேண்டும். ஒரு பிள்ளையை விட்டாலும் தாய் மூடப்பட வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையை விட்டதற்காக மற்றப் பிள்ளைகள் மூடப்படக் கூடாது.

தவறு நேர்வதும் இங்கேதான். சிலர் முதல் விதியை மட்டும் அமைத்து, இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். சிலர் அறைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, ஓர் அறைக்கு ஆள் வந்ததும் ஏழு அறைகள் ஏன் பூட்டிக்கொண்டன என்று விழிக்கிறார்கள். கீழும் மேலுமாக இரண்டு ஹால்கள் இருந்து, சமையலறை ஒன்றுதான் என்றால், அந்தச் சமையலறையையும் ஒரு சரக்காக எழுதி இரண்டுக்கும் பொதுவாக்க வேண்டும். இணைப்பு ஏற்படுத்துவதற்கு முன் வாங்கிய முன்பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதும் அவசியம். வருமானக் கணக்கில் தாயையும் சேர்த்து ஒன்பது இடங்கள் என்று எண்ணினால், எத்தனை இடங்கள் நிரம்பின என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தின் ‘ஒரு நாள்’ முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் பிற்பகல் முடிகிறது. அறைக்கோ பகல் 12 மணிக் கணக்கோ, வந்த நேரத்திலிருந்து 24 மணிக் கணக்கோ இருக்கும். இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப்போகச் செய்யாவிட்டால், தேதி சரியாக இருந்தும் சண்டை வரும்.

இவையெல்லாம் அமைப்பு வேலை, பழகினால் வந்துவிடும். நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. சரியாக இணைத்த பிறகு புதிய ஆபத்து ஒன்று உண்டு. ஆவணி முகூர்த்த நாளில் ஒருவர் 800 ரூபாய் அறை ஒன்றை நான்கு மாதம் முன்பே பதிவு செய்தால், விதிப்படி 80,000 ரூபாய்க்குப் போகவேண்டிய முழு மண்டபம் மூடிக்கொள்ளும். மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூட்டையைச் சீக்கிரம் பிரித்தது நம் தவறு.

எனவே எந்த நாளில் மூட்டை, எந்த நாளில் சில்லறை என்பதை உரிமையாளரே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும் என்பது நமது கருத்து. மென்பொருளுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. வருடப் பிறப்புக்கு முன்பே முகூர்த்த நாட்களைக் குறித்து, அந்த நாட்களுக்கு முழு மண்டபத்தை மட்டும் திறந்து வையுங்கள். பதினைந்து நாள் இருக்கும்வரை யாரும் வராவிட்டால் அறைகளைத் திறந்துவிடலாம். ஆடி, மார்கழியில் முதலிலிருந்தே சில்லறைதான். மொத்த வியாபாரிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சரக்கை எப்போது பிரிப்பது என்பதுதானே அவர் தொழில்!

அறைகளை இணையத் தளங்களிலும் விடுவோர் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏர்பிஎன்பியில் முழு வீட்டையும் அதன் அறைகளையும் இணைக்க வழி உண்டு. ஆனால் அந்த இணைப்பு அந்தத் தளத்துக்குள் மட்டும்தான். இரண்டு தளங்களுக்கிடையே வெறும் நாட்காட்டிக் கோப்பை மட்டும் பரிமாறிக்கொண்டால், ஓரிடத்தில் நடந்த பதிவு மற்றதற்குத் தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் இரட்டைப் பதிவு நுழைகிறது. முகூர்த்த நாட்களில் வெளித்தளங்களை அடியோடு மூடி வைப்பதே நல்லது.

வரியும் ஒன்றல்ல. விழாவுக்கு விடும் மண்டப வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான தங்கும் அறைகளுக்கு 22-9-2025 முதல் 5 சதவீதம். பதிவு பெற்றவர்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி விகிதம் குறிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து விடும்போது பில் எப்படிப் போடுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் பெரியோர். மென்பொருளை நம்பிப் பணம் வாங்குமுன், யாரும் வராத ஒரு நாளில் பொய்ப் பதிவு போட்டுப் பாருங்கள். மண்டபத்தை விட்டு, அறை மூடுகிறதா என்று பாருங்கள். அறையை விட்டு, மண்டபம் மூடுகிறதா என்று பாருங்கள். ரத்து செய்து, இரண்டும் திறக்கின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. பதிவு போடும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுங்கள்; நோட்டில் தனியாக ஒரு பதிவு, கம்ப்யூட்டரில் தனியாக ஒரு பதிவு என்ற வழக்கம் வேண்டவே வேண்டாம்.

இரட்டைப் பதிவுக்கு ஆளானவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நஷ்டஈடும் கேட்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மண்டபத்தின் வாசலில் எழுதியிருப்பது நம் சங்கத்தின் பெயர். பத்திரிகை அடித்து ஊரையே அழைத்த ஒரு குடும்பத்தை மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்தால், போவது வணிகரின் நாணயம். அதை எந்த மென்பொருளும் திரும்ப வாங்கித் தராது. சங்க நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு ஆவன செய்வார்கள் என நம்புகிறோம்.